நான்முகன் படையும் கணிப்பொறிப் படையும்

ஒரு படைக்கலத்தின் ஆற்றலை அளப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. அது எத்தனை பேரை வீழ்த்தும் என்று எண்ணுவது ஒன்று. அதைக் கையிலெடுக்குமுன் வீரன் எவ்வளவு தயங்குகிறான் என்று நோக்குவது மற்றொன்று. நம் காப்பியங்கள் இரண்டாவது அளவுகோலையே பெரிதும் கொண்டன. இதை எண்ணிப் பார்க்க நம்மைத் தூண்டியது, வாஷியில் நம் இல்லத்தில் நம் மகன் ஆடும் ஒரு கணிப்பொறி விளையாட்டாகும்.

அவ்விளையாட்டின் பெயர் ‘டூம்’. 1993 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஐடி சாப்ட்வேர் என்னும் சிறு குழுவினர் இதனை வெளியிட்டனர். செவ்வாய்க் கோளின் துணைக்கோள்களில் நரகத்தின் வாயில் திறந்து பேய்கள் புகுகின்றன. தனியொரு வீரன் அவற்றை எதிர்க்கிறான். அவன் கைக்கு வரும் படைகளுள் தலையாயது ‘பி.எப்.ஜி. 9000’. அப்பெயரின் விரிவு அவையடக்கம் கருதி இங்கு எழுதத் தகாதது. அதனின்று பச்சை நிற நெருப்புக் கோளம் ஒன்று புறப்படும். அது எங்கேனும் மோதியவுடன், கண்ணுக்குத் தெரியாத நாற்பது கதிர்கள் வீரன் நிற்கும் இடத்திலிருந்து விரிந்து, எதிரே உள்ளவற்றைத் தாக்கும். ஓர் அறையே ஒரு நொடியில் வெறுமையாகிவிடும்.

இப்படை அவ்வரிசை விளையாட்டுகளில் மீண்டும் மீண்டும் தோன்றுகிறது. 2004-இல் வந்த மூன்றாம் பகுதியில், அளவுக்கு மீறி ஆற்றலேற்றிப் பிடித்திருந்தால் அது வெடித்து எய்தவனையே கொன்றுவிடும். 2020-இல் வந்த பகுதியில் செவ்வாயின் தரையையே துளைக்கும் பெரும் பீரங்கியாக வளர்ந்தது. 2025-இல் வந்த பகுதியிலோ குறுக்குவில்லாக உருமாறிற்று. எங்கு சுற்றியும் இறுதியில் வில்லிடமே வந்து சேர்ந்தது கண்டு நாம் புன்னகைத்தோம்.

ஒருநாள் நாம் மகனிடம், “இத்தகைய படை கையிலிருக்க, மற்றவை எதற்கு?” என்று கேட்டோம். “ஒரு தடவை சுட்டால் நாற்பது மின்கலம் போய்விடும் அப்பா. சாதாரணமாக முந்நூறுதான் வைத்துக்கொள்ள முடியும். ஏழு தடவைக்கு மேல் வராது. பெரிய பூதம் வரும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்” என்றான். விளையாட்டு அவனுக்குச் சிக்கனம் கற்பித்திருக்கிறது, அதுவும் நன்றே. ஆயினும் சிக்கனம் வேறு, அடக்கம் வேறு. இந்த வேறுபாட்டை விளக்க நாம் கம்பனிடம் சென்றோம்.

இலங்கைப் போரில் இந்திரசித்து வானில் மறைந்து நின்று வருத்துகிறான். பொறுக்க மாட்டாத இலக்குவன், நான்முகன் படையைத் தொடுக்கப் போவதாக அண்ணனிடம் கூறுகிறான். அப்படை ஒருவனோடு நில்லாது, மூவுலகையும் சுடும் என்று கூறி இராமன் தடுக்கிறான். இளையவன் அடங்குகிறான். அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழும் நமக்கு இக்காட்சி தனிச்சுவை உடையது. சினத்துக்கும் செயலுக்கும் இடையே ஒப்புதல் என்றொரு படி இருக்கிறது. கணிப்பொறி வீரனுக்கு ஒப்புதல் கேட்க ஆளில்லை. அவன் எதிரே நிற்பவை யாவும் பேய்களே. சுட்டுவிடக் கூடாத குற்றமற்றவர் ஒருவரும் அங்கில்லை. ஆதலின் அவனுக்குத் தயக்கமும் தேவைப்படவில்லை.

ஆனால் மகன் எளிதில் விடவில்லை. “அந்த எண்ணத்தைத் தெரிந்துகொண்டு இந்திரசித்து முந்திக்கொண்டானே! அதே படையை ஏவி இலக்குவனையும் சேனையையும் சாய்த்தானே! அப்படியானால் இராமன் தடுத்தது தவறுதானே அப்பா?” என்றான்.

இது பிள்ளைக் கேள்வி அன்று. வாஷியிலிருந்து ஹார்பர் தடத்து மின்வண்டியில் அலுவலகம் செல்லும் நாம், நாள்தோறும் தாணே கழியைக் கடக்கிறோம். தெற்கே டிராம்பே குன்று தெரியும். 1956-இல் ஆசியாவின் முதல் அணு உலையாகிய ‘அப்ஸரா’ இயங்கத் தொடங்கியது அங்கேதான். 1974-இலும் 1998-இலும் பொக்ரானில் நிகழ்ந்த சோதனைகளில் டிராம்பே அறிஞர்களின் பங்கு பெரிது. 1998-இல் அணுசக்தித் துறையின் தலைமையில் இருந்தவர் சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம். அத்தகைய படையைக் கையில் வைத்திருக்கும் நம் நாடு, 2003-இல் அதனை முதலில் பயன்படுத்துவதில்லை என்றும், மக்களாட்சித் தலைமையின் ஒப்புதலின்றி அது ஏவப்படாது என்றும் அறிவித்தது. பகைவன் முந்திக்கொண்டால் என் செய்வது என்ற மகனின் வினா இதற்கும் பொருந்துவதே.

நாம் சொன்ன விடை இதுதான். தயக்கத்துக்கு விலை உண்டு. கம்பன் அதை மறைக்கவில்லை. களம் முழுதும் பிணமாகக் கிடந்த அவ்விரவு அவ்விலைதான். ஆயினும் முந்தியவன் வென்றானா? அனுமன் மருந்து மலையைக் கொணர, வீழ்ந்தவர் எழுந்தனர். தன் பேராயுதத்தைச் செலவிட்டும் இந்திரசித்தால் போரை முடிக்க இயலவில்லை. பின்னர் இலக்குவன் அவன் தலையைக் கொய்தது நான்முகன் படையால் அன்று. இராமன் அறத்தின் வடிவே என்பது மெய்யாயின் இவனைக் கொல்க என்று ஆணையிட்டு எய்த பிறைமுக அம்பால். இராமனும் அப்பெரும்படையைத் துறந்துவிடவில்லை. இறுதியில் இராவணன் ஒருவன் மார்பை நோக்கி அதனை ஏவினான், உலகம் எரியவில்லை. படை ஒன்றே, ஏவிய உள்ளம் வேறு.

மகன் முழுதும் உடன்பட்டானா என்பது நமக்குத் தெரியாது. ஆனால் “இந்திரசித்து என்ன மந்திரம் போட்டு மறைந்தான்?” என்று அடுத்த வினாவைத் தொடுத்தான். அயல் மண்ணில் தமிழ்ப் பிள்ளைகளை வளர்ப்போர் அவர்தம் விளையாட்டுகளைக் கண்டு அஞ்சி ஒதுங்க வேண்டுவதில்லை. அருகமர்ந்து ஒரு வினா எழுப்பினால் போதும். கம்பன் அவ்வழியேயும் வீட்டுக்குள் வருவான். ஆற்றலை அவர்களுக்கு இக்கால உலகம் கற்பித்துவிடும். அதனை யாரைக் கேட்டு எடுப்பது, எப்போது உறையிலிடுவது என்பவற்றை நாமே சொல்லித்தர வேண்டும். அதனைத் தமிழில் சொல்லித்தருவோமாக.