செத்தவருக்காகப் பேசுபவர்

நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது மட்டக்களப்பு மரியாள் பேராலயத்தினுள் சுட்டுக்கொல்லப்பட்டார். எம்மைப் போலவே செய்தி எழுதியவர் அவர். 2021 ஜனவரியில், வழக்கைத் தொடரப்போவதில்லை எனச் சட்டமா அதிபர் தரப்பு மேல் நீதிமன்றில் அறிவித்தது; பிள்ளையான் உள்ளிட்ட ஐவரும் விடுதலையாகினர். பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ்ப் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்களை மேன்முறையீட்டு நீதிமன்றம் முன்னரே நிராகரித்திருந்தது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதே சட்டத்தில், அத்தகைய வாக்குமூலம் ஒன்றை மட்டுமே வைத்து, மட்டக்களப்பின் நல்லரத்தினம் சிங்கராசாவுக்கு 1995இல் 50 ஆண்டுச் சிறை வாங்கிக்கொடுத்ததும் இதே அரச தரப்புத்தான். (மேன்முறையீட்டில் அது 35 ஆனது.)

இதைச் செங்கலடிச் சந்தியில் பேசிக்கொண்டிருந்தபோது முதியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, செத்தவருக்காகப் பேசுற சட்டத்தரணி ஆரு?"

"அரச சட்டத்தரணி, ஐயா."

"அவரே பேசாம இருந்துட்டா?"