ஆயக்கட்டு இல்லாத ஏரி

போன வாரம் மெட்ராஸ்ல மகள் வீட்டுல நாலு நாள் தங்க வேண்டியதாப் போச்சு. நமக்குத்தான் விடிஞ்சா வீட்டுக்குள்ள இருப்புக் கொள்ளாதே. "சேத்துப்பட்டு ஏரிப் பூங்காவுக்குப் போயிட்டு வாங்கப்பா"ன்னு அனுப்பி வெச்சா.

மீன்வளத்துறை 2016-ல திறந்த பூங்கா அது. ஏரியைச் சுத்தி நடைபாதை, படகு, தூண்டில் போடத் தனி இடம். வெளியே பூந்தமல்லி நெடுஞ்சாலையும் மின்சார ரயிலும் இரையுது. உள்ளே தண்ணி ஓரமா உட்கார்ந்தா அந்தச் சத்தம் எங்கயோ தூரத்துல கேட்குற மாதிரி இருக்கு. கூட்டமும் இல்ல.

விவசாயி கண்ணு ஏரியைப் பார்த்தா முதல்ல மதகைத்தான் தேடும். அடுத்து ஆயக்கட்டு எத்தனை ஏக்கர்னு மனசு கணக்குப் போடும். இங்கே பாய ஒரு காணி நிலம் கிடையாது. பெஞ்சுல இருந்த பெரியவர்கிட்ட, "இந்தத் தண்ணி யாருக்குங்க?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டு, "எங்க வீட்டுக் கிணறு வத்தாம இருக்கே, அதுக்குத்தான்"னார்.

மெட்ராஸ்லயும் ஏரிங்களுக்குக் குறைச்சல் இல்ல. இப்ப தி.நகர் இருக்கிற இடம் மாம்பலம் ஏரி. 1920-கள்ல தண்ணியை வடிச்சுட்டு ஊராக்கினாங்க. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு பேர் மட்டும் மிச்சம். 1976-ல திறந்த வள்ளுவர் கோட்டம் நிக்கிறது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்துல. தப்பிப் பிழைச்ச ஏரியை இன்னைக்கு டிக்கெட் வாங்கிப் பார்க்குறாங்க.

நம்ம ஊருக்கு வருவோம். போர் வந்ததும் ஏரியை மறந்துட்டோம். வரத்துக் கால்வாய் தூர்ந்து கிடக்கு, உள்வாய் முழுக்க சீமைக்கருவேலம். "ஏரியை நம்பியா பயிர் வைக்கிறோம்?"னு பசங்க கேட்குறாங்க. ஏரி நிரம்புற வருஷம் நவரை முடியுற வரைக்கும் மோட்டார் நிக்காம தண்ணி தள்ளும். நிரம்பாத வருஷம் கதிர் வர்ற நேரத்துல காத்துதான் வரும். போர்ல வர்றதும் ஏரித் தண்ணிதான், மேல பாயாம கீழ பாயுது, அவ்வளவுதான். சேத்துப்பட்டுப் பெரியவருக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியாதா?

அக்டோபர் 2 கிராம சபையில வரத்துக் கால்வாயைத் தூர்வாரணும்னு தீர்மானம் வைக்கப் போறேன். நம்ம ஊர்க்காரங்க படிச்சா, அன்னைக்கு வந்து கையெழுத்துப் போடுங்க. மழைக்கு முன்னாடி முடிச்சாத்தான் பிரயோஜனம்.