நன்னீர் தின்ற மரம்

தூத்துக்குடியில் எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற சொத்து ஒரு பழைய தோணியும் அதன்மேல் இருந்த கடனும்தான். பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற தோணி அது. 1993-ஆம் ஆண்டு அதனைக் கரையேற்றி, உள்ளறைகளைச் செப்பனிட்டு, எந்திரம் பொருத்துவதென நானும் தம்பியும் முடிவு செய்தோம். அலுவலக எழுத்தனான எனக்குப் பணக்கணக்கு தெரியும், மரக்கணக்கு தெரியாது.

வேலைக்கு வந்த ஓடாவி எழுபதை நெருங்கியவர். உள்ளே இருந்த பனிமய மாதா படத்தை முதலில் கழற்றித் துணியில் சுற்றி வைத்தார். அதன்பின் இரண்டு நாட்கள் உளியைத் தொடவே இல்லை. சிறு சுத்தியலால் பலகைகளையும், தோணியின் விலா எலும்புகளான வங்குகளையும் தட்டித் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார். நல்ல மரம் கணீரென்று பேசும். உளுத்த மரம் மொத்தென்று அடங்கிவிடும். கூலி வீணாகிறதே என்று எனக்குள் புகைச்சல்.

சரக்கறையில்தான் பழுது மிகுந்திருக்கும் என எண்ணியிருந்தேன். ஆண்டுக்கணக்கில் கடல்நீர் கசிந்து ஊறிய இடமல்லவா? அங்கே மரம் கல்லாய் இருந்தது. சமையலடுப்பை ஒட்டிக் குடிநீர்ப் பீப்பாய் நின்ற மூலையில் சுத்தியல் மொத்தென்றது. உட்பலகையைப் பெயர்த்தார். பின்னே மூன்று வங்குகள், கிள்ளினால் உதிரும் நிலையில்.

"உப்புத் தண்ணீர் மரத்தைக் காக்கும், தம்பி. நல்ல தண்ணீர்தான் தின்னும்" என்றார்.

மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணம் உப்பில் தழைப்பதில்லை; நன்னீர் தேங்கிக் காற்றுப் புகாத மூலையே அதற்கு உகந்தது எனப் பின்னாளில் படித்தறிந்தேன். (வெளிப்புறத்தைக் கடற்புழு துளைப்பது வேறு கதை.) உப்பளங்களின் ஊரில் பிறந்தவனுக்கு இது தெரியாமற் போனது வெட்கந்தான்.

வங்குகளை மாற்றுவதென்றால் வெளிப்பலகைகள் சிலவற்றையும் கழற்றவேண்டும். வளைந்து வளர்ந்த கருவேல மரம் தேடவேண்டும். மூட்டுகளில் பஞ்சுத்திரி அடித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசவேண்டும். மனைவியின் வளையல்கள் ஏற்கெனவே அடகில் இருந்தன.

"உட்பலகையைத் திரும்ப அறைந்து வண்ணம் பூசிவிடுங்கள், ஐயா. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். இதை எழுதும்போது இன்றும் கை தயங்குகிறது.

அவர் மறுத்துப் பேசவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "தண்டலாகப் போவது யார்?" என்று கேட்டார்.

"தம்பிதான்."

"அவரிடம் சொல்லிவிட்டு அறைவோமா, சொல்லாமல் அறைவோமா?"

மேல்தளத்தில் தம்பி பழைய வண்ணத்தைச் சுரண்டும் ஓசை எங்கள் தலைக்குமேல் கேட்டுக்கொண்டிருந்தது. அவனைக் கீழே அழைத்தேன். வங்கின்மேல் கைவைத்தான், விரலில் ஒட்டிய தூளைப் பார்த்தான், என்னையும் ஒருமுறை பார்த்தான். நான் முதலில் சொன்னது அவன் காதில் விழுந்ததா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

எந்திரத்துக்கென வைத்திருந்த பணம் வங்குகளுக்குப் போயிற்று. மேலும் ஓராண்டு அது பாயிலேயே ஓடியது. பீப்பாயை மேல்தளத்துக்கு மாற்றினோம். உட்பலகைகளை மீண்டும் அறைந்தபோது, உள்ளே காற்று உலவட்டுமென்று ஓடாவி இடையிடையே விரல் நுழையும் இடைவெளி விட்டார்.

கணக்கு முடிக்கும்போது பார்த்தேன்: சுத்தியலால் தட்டிக் கேட்ட அந்த இரண்டு நாட்களுக்கு அவர் கூலி குறிக்கவில்லை. நான் எழுதிச் சேர்த்தேன்.