தந்திரம் படிக்கத் தாம்பரம் வண்டி!

பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் போகிற மின்சார ரயிலில் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஏறிப் பாருங்கள். உட்கார இடம் கிடைக்காது. ஆனால் படிக்க நிறையக் கிடைக்கும். வீட்டுமனை, வட்டிக்குக் கடன், பார்ட் டைம் வேலை... நடுவில் ஒரு துண்டுச் சீட்டு. பரம்பரை வைத்தியர், இன்ன தேதி, இன்ன லாட்ஜ், 'ரகசியம் காக்கப்படும்'! பெட்டியில் இருக்கிற அத்தனை ஆண்களும் அதைப் படிப்பார்கள். படிக்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பியும் கொள்வார்கள்.

நாம் இப்படி ஓரக்கண்ணால் படிக்கிற சமாசாரத்தை அமெரிக்காவில் ஒரு படிப்பாகவே ஆக்கிவிட்டார்கள். 1974-ல் பூனாவில் ஆசிரமம் அமைத்த ரஜனீஷைத் தேடி வந்த வெள்ளைக்காரர்கள், 'தந்த்ரா' என்கிற வார்த்தையை மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 1984-ல் ஜோசப் கிரேமர் என்பவர் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் 'பாடி எலெக்ட்ரிக்' என்று ஒரு பள்ளி தொடங்கினார். மூச்சு, மசாஜ், தொடுதல் எல்லாம் பாடம். இந்த வழியில் பயின்று, உடம்பையும் மனசையும் சேர்த்துத் தேற்றுகிறவருக்கு 'சேக்ரட் இன்டிமேட்' என்று பெயர். 'புனித நெருக்கக்காரர்' என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வார்த்தை நம்மூர்ச் சரக்கு. சீசன் டிக்கெட்டும் பாக்கெட்டில் இருக்கிறது. நம்ம பக்கத்திலேயே தந்திரம் படிக்க முடியுமா, இறங்கிப் பார்ப்போமே!

முதலில் பழவந்தாங்கல். கிழக்கே நடந்தால் நங்கநல்லூர். ராஜராஜேஸ்வரி கோயில் படிகளில் திதி நித்யா தேவிகள் பதினைந்து பேரும் வரிசையாக இருக்கிறார்கள். இதுதான் ஸ்ரீவித்யை. தந்திர மார்க்கத்தில் நம் பக்கம் வேரூன்றிய கிளை. ஒன்பது முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்டி, நாற்பத்து மூன்று சின்ன முக்கோணங்களாகிற ஸ்ரீசக்ரம்தான் இதற்கு மையம். அதில் ஒன்பது சுற்றுகள். நவாவரண பூஜை என்று உட்கார்ந்தால் முழுசாக முடிய சில மணி நேரம் ஆகும்.

"சேர்ந்துக்கணும், என்ன ஃபீஸ்?" என்று கேட்டுவிடாதீர்கள். முதலில் குரு கிடைக்க வேண்டும். அவர் கணபதி மந்திரம் கொடுப்பார். பிறகு மூன்றெழுத்து பாலா மந்திரம். அதில் தேறினால்தான் பதினைந்து எழுத்துப் பஞ்சதசி. எழுத்துக்கு ஒரு லட்சம் ஜபம் என்பது கணக்கு. பதினைந்து லட்சம்! ஆபீஸ் போகிற ஆசாமி தினம் ஆயிரம் சொன்னால் ஆயிரத்து ஐந்நூறு நாள். நாலு வருஷத்துக்கும் மேல் ஆகும், கேஷுவல் லீவு இல்லாமல். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டையும் பாஸ் பண்ணிவிட்டு ஷார்ட்ஹேண்டும் முடித்துவிடலாம்!

அடுத்து பல்லாவரம். அங்கிருந்து குன்றத்தூர் வழியாக பஸ் பிடித்தால் மாங்காடு. காமாட்சி சந்நிதியில் இருக்கிற அர்த்தமேரு, எட்டு மூலிகைகளால் ஆனது. அதனால் அபிஷேகம் கிடையாது, குங்கும அர்ச்சனைதான். வெள்ளிக்கிழமை கல்யாண வரம் கேட்டு க்யூவில் நிற்கிற பையன்களில் எத்தனை பேருக்குத் தெரியும், தந்திர சாஸ்திரத்தின் நடு வீட்டில் நிற்கிறோம் என்று!

"சரி சார், அந்த விஷயம் அதில் உண்டா, இல்லையா?" என்று நீங்கள் முனகுவது கேட்கிறது. உண்டு. மது, மாமிசம், மீன், முத்திரை, மைதுனம் என்று 'ம'வில் தொடங்கும் ஐந்தும் கௌல மார்க்கத்து நூல்களில் வருகின்றன. அதை அப்படியே வெளியில் செய்தவர்களும் இருந்தார்கள். தெற்கே செல்வாக்குப் பெற்ற சமயாசாரமோ அதெல்லாம் வேண்டாம், மனசுக்குள்ளேயே பூஜை என்றது. நம் திருமூலரும் திருமந்திரத்தை ஒன்பது தந்திரங்களாகப் பிரித்தவர்தான். மூன்றாம் தந்திரத்தில் 'பரியங்க யோகம்' என்று ஆண் பெண் சேர்க்கைக்குத் தனிப் பகுதியே வைத்திருக்கிறார். அதில் அவர் பேசுவது அவசரத்தை அல்ல, மூச்சையும் நிதானத்தையும். லாட்ஜ் வைத்தியர் பயமுறுத்தி விற்பதை, திருமூலர் வெட்கமே படாமல் பாடம் நடத்தியிருக்கிறார்!

குரோம்பேட்டை தாண்டினால் தாம்பரம் சானடோரியம். இங்கே இறங்கும்போது கிண்டலைக் கொஞ்சம் ஓரம் கட்டிவிடலாம். காசநோய்க்காரர்களுக்காக 1928-ல் டாக்டர் டேவிட் சவரிமுத்து ஆரம்பித்த ஆஸ்பத்திரி இது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் மற்ற இடங்களில் கதவடைக்கப்பட்ட நோயாளிகள் 1990-களில் வந்து சேர்ந்த இடம் இந்த சானடோரியம்தான். வந்தவர்களில் நம் வயசுப் பையன்கள் நிறைய. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்க முடியாமல் போனவர்கள், சந்தேகத்தைத் துண்டுச் சீட்டிடம் கேட்டவர்கள். 2004-ல் இலவசக் கூட்டு மருந்து முதலில் தரப்பட்ட அரசு மையங்களில் இதுவும் ஒன்று. அந்த மருந்து வருவதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். வெட்கத்துக்கு நாம் கொடுத்த விலை அது.

அதே சானடோரியத்தில் 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. நிஜ சித்த டாக்டர்கள் பகிரங்கமாக ஓ.பி. பார்க்கிறார்கள். ரகசியம் வேண்டுமென்றால், கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிற மனநல டாக்டர்களும் ஊரில் உண்டு. டாக்டர் மாத்ருபூதம் விஜய் டி.வி.யில் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் சிரிக்கச் சிரிக்கப் பேசினாரே, அவர் மனநல மருத்துவர்தான். ஆண்மை பெருக்குவதாக மருந்து விளம்பரம் செய்வது 1954-ஆம் வருஷச் சட்டப்படியே குற்றம். சட்டத்துக்கு வயசாகிவிட்டது. துண்டுச் சீட்டு மட்டும் இளமையோடு இருக்கிறது!

கடைசி ஸ்டேஷன் தாம்பரம். கிழக்கே சேலையூரில் ஸ்கந்தாஸ்ரமம். புவனேஸ்வரி, பிரத்யங்கிரா, சரபேஸ்வரர் என்று தந்திர நூல்களின் தெய்வங்களை அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் வைத்திருக்கிறார்கள். ஸ்ரீவித்யையில் சுவாசினி பூஜை என்று ஒன்று உண்டு. ஒரு பெண்ணை உட்கார வைத்து, அம்பாளாகவே பாவித்து, காலில் விழுந்து கும்பிடுவது. இந்த மார்க்கத்தில் பெண்களும் குருவாக இருக்கலாம்.

ஓக்லண்டில் மசாஜில் ஆரம்பிக்கிறார்கள். இங்கே நமஸ்காரத்தில் ஆரம்பிக்கிறார்கள். எதிரே இருப்பது பண்டம் இல்லை, ஒரு உயிர் என்று தெரிய நாலு வருஷ ஜபம் தேவையா என்று கேட்டால், சில பேருக்கு அதுவும் போதாது.

தந்திரம் படிக்க நேரமில்லையா? பரவாயில்லை. கல்யாணம் ஆனவர்கள் ராத்திரி வீட்டுக்குப் போனதும் சம்சாரத்திடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். ஆகாதவர்கள், சந்தேகம் இருந்தால் சானடோரியத்தில் இறங்கி ஓ.பி. சீட்டு வாங்குங்கள்.

லாட்ஜ் படி மட்டும் ஏறாதீர்கள். அந்தப் படியில் நித்யா தேவி யாரும் இல்லை!