பேச்சைத் திருப்பித் தரும் படிப்பு

பெண் ப்ளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்தால் "டாக்டரா, நர்ஸா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வேறொரு நல்ல படிப்பு இருப்பது கோபிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது.

என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. கை, கால் மெல்லத் தேறின. பேச்சு மட்டும் வரவில்லை. மஞ்சள் மண்டியில் கணீரென்று விலை பேசியவர், "தண்ணி" என்று கேட்க முடியாமல் கண் கலங்குவார். கோவையில் டாக்டர் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டிடம் அனுப்பினார். சின்னப் பெண்தான். "நினைப்பு நல்லா இருக்குதுங்கம்மா. மூளையில இடது பக்கம் பாதிச்சதால வார்த்தைதான் அகப்பட மாட்டேங்குது" என்றாள். ஒன்று, இரண்டு, மூன்று என எண்ண வைத்துத்தான் ஆரம்பித்தாள். மனப்பாடமாய் ஊறியவை முதலில் வருமாம். அவர் தடுமாறும்போது நாங்கள் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் பாடம் நடந்தது. நான்கு மாதத்தில் பேத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

கூடவே இருந்து பார்த்த என் மகள், "அம்மா, நான் இதையே படிக்கட்டுமா?" என்றாள். "பேசக் கத்துக் குடுக்கறதுக்கு ஒரு படிப்பா கண்ணு?" என்று சிரித்தார் என் மாமியார். நான் விசாரித்தேன்.

பி.ஏ.எஸ்.எல்.பி. என்பது பட்டப் படிப்பு. ஒரு வருஷப் பயிற்சியும் சேர்த்து 4 வருஷம். காது, பேச்சு இரண்டைப் பற்றியும் சேர்த்தே படிக்கிறார்கள். 1965-ல் தொடங்கிய மைசூர் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இதில் பேர் பெற்றது. திம்பம் மலை ஏறினால் நமக்குப் பக்கம்தான். சென்னையிலும் கல்லூரிகள் உண்டு. எங்கே சேர்ந்தாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படித்து முடித்ததும் அங்கே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரி, சிறப்புப் பள்ளி, சொந்த கிளினிக் என்று வேலைக்கு வழி இருக்கிறது. திக்குவாய், உதடு அண்ணப் பிளவு, விழுங்குவதில் சிரமம் எல்லாமே இவர்களிடம் வருகின்றன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட, காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். கருவி வைத்த உடனே குழந்தை பேசிவிடாது. மாதக் கணக்கில் பயிற்சி வேண்டும். கிராமத்துத் தாய்மார் அதற்காக பஸ் ஏறி நகரத்துக்கு அலைகிறார்கள். நம் ஊர்ப் பெண்கள் படித்து வந்தால் அந்த அலைச்சல் குறையுமே!

ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. பொறுமை நிறைய வேண்டும். இரண்டையும் மகளிடம் சொன்னேன். "தெரியும்மா" என்றாள். விண்ணப்பம் போட்டாயிற்று.

இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லையா? இரண்டு வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லையா? "ஆம்பளைப் பையன், மெதுவாப் பேசுவான்" என்று காத்திருக்காதீர்கள். உடனே காதைப் பரிசோதித்து விடுங்கள்.