எலிவேட்டரைப் பின்வாங்க விடாத அண்ணனுக்கு



நீங்கள் கேட்டுக்கொண்டபடி பெயர் போடாமல்தான் எழுதுகிறேன். ஆனாலும் ரிஷிவந்தியம் வட்டாரத்தில் அரிசி ஆலையோ மக்காச்சோள மில்லோ நடத்துகிற யாரும் யாரைச் சொல்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஆலைக்கு வந்தீர்கள். ஒன்வே பேரிங் என்ற ஒரே ஒரு உறுப்பை எப்படிப் பார்ப்பது, எப்படிப் பராமரிப்பது என்று எனக்கும் எங்கள் பையன்களுக்கும் கற்றுக்கொடுத்தீர்கள். நேரில் நன்றி சொன்னால் "அதெல்லாம் எதுக்குப்பா" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் நாலு பேர் படிக்கிற மாதிரி இந்த மடல்.

படிக்கிற மற்றவர்களுக்காக முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சாதா பேரிங் இரண்டு பக்கமும் சுற்றும். ஒன்வே பேரிங் ஒரு பக்கம் மட்டும் சுற்றும். எதிர்ப்பக்கம் திருப்பினால் அந்தக் கணமே ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளும். சைக்கிள் ஃப்ரீவீல் செய்வதும் இதே வேலைதான். அங்கே பல்லில் ஒரு நாக்கு விழுந்து பிடிக்கிறது, இங்கே உருளைகள் ஆப்பு இறுகுவதுபோல இறுகிப் பிடிக்கின்றன. வெளிக்கிண்ணத்தின் உட்புறம் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சிறு சரிவு வெட்டியிருக்கும். மெல்லிய ஸ்பிரிங் ஒன்று உருளையைச் சரிவின் குறுகலான பக்கம் தள்ளியபடியே இருக்கும். ஷாஃப்ட் ஒரு திசையில் சுற்றினால் உருளை அகலமான பக்கம் விலகி வழிவிடும். மறுதிசையில் சுற்றப் பார்த்தால் குறுகலுக்குள் மாட்டி இறுகும். அந்தச் சரிவு சுமார் மூன்று, நான்கு டிகிரிதான். எண்ணெய் பட்ட எஃகிலும் மிச்சமிருக்கும் கொஞ்சம் உராய்வை நம்பித்தான் அத்தனை பாரமும் நிற்கிறது. பறக்கும்போது ஹெலிகாப்டரின் என்ஜின் நின்றுபோனாலும் மேல்விசிறி தடைபடாமல் சுழன்று பத்திரமாக இறங்க வழி செய்வதும் இந்த இனத்து உறுப்புதான்.

எங்கள் பக்கம் நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளைகிற பூமி. நெல்லையோ சோளத்தையோ அரைக்கிற ஆலை என்றால் அங்கே பக்கெட் எலிவேட்டர் இருக்கும். ஏறுகிற பக்கத்துப் பக்கெட்டுகளில் தானியம் நிறைந்திருக்கும். இறங்குகிற பக்கம் காலி. ஓட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் கனத்த பக்கம் கீழே இழுக்கும். பெல்ட் தலைகீழாக ஓடும். ஏறிய நெல் எல்லாம் அடிப்பெட்டியில் கொட்டி அடைக்கும், பக்கெட் நசுங்கும், பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கிக் கிழியும். அந்த நேரம் பார்த்து அடைப்பெடுக்க ஒருவன் அடிப்பெட்டிக்குள் கையை விட்டிருந்தால் அந்தக் கை அவனுக்குத் திரும்பக் கிடைக்காது. இதையெல்லாம் தடுப்பது பேக்ஸ்டாப் என்று நாம் சொல்கிற அந்த ஒன்வே உறுப்பு. நெய்வேலி மாதிரித் திறந்தவெளிச் சுரங்கங்களில் பள்ளத்திலிருந்து மேலேறும் கன்வேயர்களுக்கும், சர்க்கரை ஆலையில் சக்கையைத் தூக்கும் எலிவேட்டர்களுக்கும் பாரம் பின்வாங்கும் இந்தத் தொல்லை பொது.

நீங்கள் முதல் நாள் வந்ததும் பேரிங்கைப் பார்க்கவில்லை. பேக்ஸ்டாப் எங்கே மாட்டியிருக்கிறது என்று மேலே ஏறிப் பார்த்தீர்கள். கியர் பாக்ஸின் வேகமான பக்கத்தில் மாட்டினால் சின்ன சைஸ் போதும், விலையும் குறைவு. ஆனால் அதற்கும் பெல்ட்டுக்கும் நடுவில் கப்ளிங்கோ செயினோ அறுந்தால் அது பிடித்துக்கொண்டிருப்பது வெறும் மோட்டாரைத்தான். உச்சிப் புல்லியின் ஷாஃப்டிலேயே மாட்டினால் எது அறுந்தாலும் பெல்ட் நிற்கும். பெரிய சைஸ் வேண்டும், செலவு கூடும், ஆனால் கீழே நிற்பவன் உயிரோடு இருப்பான் என்றீர்கள். அதே நாளில் பேக்ஸ்டாப்பின் கையை இறுக்கி வைத்திருந்த போல்ட்டையும் கழற்றச் சொன்னீர்கள். கை ஒரு தாங்கியில் முட்டி நின்றால் போதும், நுனியில் கொஞ்சம் அசைவு இருக்க வேண்டும். அசையாமல் பூட்டினால் ஷாஃப்டின் சிறு ஆட்டம் முழுவதும் பேரிங் மேல் ஏறி அதைத் தின்றுவிடும். இதை எங்களுக்கு அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அடுத்தது பேஸ் மாறுகிற விஷயம். லைனில் வேலை நடந்து மறுபடி கரண்ட் வரும்போது சில சமயம் மூன்று பேஸில் இரண்டு இடம் மாறிவிடும். மோட்டாரைக் கழற்றி வைண்டிங் கட்டிக்கொண்டு வந்தாலும் இதே ஆபத்து. வீட்டு விளக்குக்கு வித்தியாசம் தெரியாது. த்ரீ பேஸ் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். பேக்ஸ்டாப் விடாது, மோட்டாரும் விடாது. ஒன்று மோட்டார் காயில் கருகும், இல்லையென்றால் பேக்ஸ்டாப் உடையும். உடைந்தது வெளியே தெரியாது. அடுத்த முறை கரண்ட் போகிறபோதுதான் தெரியும். அதனால் லைன் வேலை நடந்த பிறகும் மோட்டார் கழற்றிய பிறகும் வி-பெல்ட்டை எடுத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஒரு தட்டு தட்டிப் பார்த்து, அம்புக்குறியோடு திசை ஒத்துப்போனால்தான் பெல்ட்டை மாட்ட வேண்டும். திசை தப்பினால் எந்த இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். எங்கள் பேனல் கதவில் இதையே நீங்கள் பெயிண்டால் எழுதிய இரண்டு வரி இன்னும் அழியவில்லை. அழிந்தால் நானே மறுபடி எழுதுவேன்.

பாக்கெட் போடும் மிஷின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் சுருளை இழுக்கும் ரோலரில் சின்ன ஒன்வே பேரிங், எச்எஃப் 2016. முதல் இரண்டு எண் ஷாஃப்ட் விட்டம் 20 மில்லிமீட்டர், அடுத்த இரண்டு எண் அகலம் 16 மில்லிமீட்டர் என்று படிக்கக் கற்றுக்கொடுத்ததும் நீங்கள்தான். பாக்கெட்டின் நீளம் ஒன்று சரியாக வரும், அடுத்தது குறையும். புது பேரிங் போட்டால் கொஞ்ச காலம் ஒழுங்காக ஓடும், பிறகு பழையபடி. கடையில் போலிச் சரக்கு கொடுக்கிறார்கள் என்றே இங்கே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பேரிங்கை ஓரமாக வைத்துவிட்டு ஷாஃப்டைத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, நகத்தால் குறுக்கே வருடச் சொன்னீர்கள். உருளைகள் நின்ற இடமெல்லாம் வரிவரியாகத் தடம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பள்ளத்தில் நகம் இடறியது.

இந்த வகைப் பேரிங்குக்கு உள்வளையம் கிடையாது. ஷாஃப்ட்தான் உள்வளையம். அது பேரிங் எஃகுக்கு நிகரான கடினத்தோடு இருக்க வேண்டும், ராக்வெல் அளவில் 58க்குக் குறையக் கூடாது. லேத் பட்டறையில் ஈஎன் 8 கம்பியைக் கடைந்து அப்படியே மாட்டியிருந்தார்கள். அந்த மெத்தென்ற இரும்பில் உருளை ஒவ்வொரு முறை இறுகும்போதும் அச்சுக் குத்தும். குத்திய பள்ளத்தில் உருளை உட்கார்ந்துவிட்டால் ஆப்பின் கோணமே மாறிப்போகும். பிறகு எந்த ஊர்ப் பேரிங் போட்டாலும் நழுவத்தான் செய்யும். ஈஎன் 31 எடுத்து ஹார்டனிங் செய்து, கிரைண்டிங் பிடித்து, மைக்ரோமீட்டரில் பார்த்த பிறகே மாட்டினீர்கள். ஹவுசிங் துளையையும் விடவில்லை. அந்தக் கிண்ணம் தகடு மாதிரி மெல்லியது, தனக்கென்று வட்டம் கிடையாது, போய் உட்காரும் துளை எப்படியோ அப்படித்தான் அதுவும் இருக்கும். சுத்தியலால் ஓர் அடி பட்டாலும் கதை முடிந்தது. எழுத்துப் பொறித்த முகத்தில் தட்டையான ஒரு புஷ் வைத்து நேராக அழுத்த வேண்டும், ஷாஃப்டை ஃப்ரீயான பக்கம் திருப்பிக்கொண்டே நுழைக்க வேண்டும்.

கிரீஸ் விஷயத்தில் நீங்கள் கண்டிப்பு. ஆலை முழுவதுக்கும் ஒரே டப்பா, அந்தக் கருப்பு மாலிப்டினம் கிரீஸ் என்பதுதான் எங்கும் வழக்கம். உராய்வைக் குறைக்கத்தான் அதைத் தயாரிக்கிறார்கள். உராய்வை நம்பிப் பிடிக்கிற உறுப்புக்குள் அதைத் திணித்தால் அது எப்படிப் பிடிக்கும்? தயாரித்தவர் சொன்ன எண்ணெயோ, மாலிப்டினமும் கிராஃபைட்டும் கலக்காத லித்தியம் கிரீஸோதான் போட வேண்டும், அதுவும் அளவாக. அள்ளித் திணித்தால் மார்கழிக் காலையில் கிரீஸ் இறுகி, ஸ்பிரிங் உருளையைத் தள்ள முடியாமல் நிற்கும். அரிசி ஆலைக்கு இன்னொரு எதிரி தூசி. உமியில் சிலிக்கா இருக்கிறது. அது கலந்த கிரீஸ் பாலிஷ் போடுகிற மாவு போல உருளையையும் ஷாஃப்டையும் தேய்க்கும். சீல் கிழிந்ததைப் பார்த்தும் விட்டுவைக்கக் கூடாது என்று நீங்கள் சத்தம் போட்டது இதற்காகத்தான்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது உங்கள் பென்சில் கோடு. ஷாஃப்ட், கிண்ணம், ஹவுசிங் மூன்றின் மேலும் ஒரே நேராக ஒரு கோடு இழுப்பீர்கள். கொஞ்ச நேரம் வேலை வாங்கிவிட்டு நிறுத்திப் பார்ப்பீர்கள். கிண்ணத்துக் கோடும் ஹவுசிங் கோடும் விலகியிருந்தால் கிண்ணமே துளைக்குள் சுற்றுகிறது, துளை லூஸ். அவை இரண்டும் ஒட்டி நின்றால் அடுத்தது கைச் சோதனை: பிடிக்க வேண்டிய பக்கம் ஷாஃப்டைத் திருப்பி, அதன் கோடு எவ்வளவு நகர்ந்த பிறகு இறுகுகிறது என்று பார்ப்பது. இறுகாமல் நகர்ந்துகொண்டே போனால் நழுவுவது உள்ளே. புதுசில் எவ்வளவு நகர்ந்தது என்று அட்டையில் எழுதி வைக்கச் சொன்னீர்கள், தேய்மானம் கூடக்கூட அந்த நகர்வும் கூடும் என்பதால். பழைய கிரீஸை வெள்ளைத் துணியில் தடவுவீர்கள். மினுமினுத்தால் உலோகம் தேய்கிறது, செம்பழுப்பாக இருந்தால் சின்ன அசைவிலேயே உரசித் துருப்பிடிக்கிறது. பெரிய ஆலைகளில் அதிர்வு பார்க்கும் கருவியும் வெப்பம் பார்க்கும் கேமராவும் இருக்கலாம். எங்களைப் போன்ற ஆலைக்கு இந்தக் கோடும் துணியும் அட்டையும் போதும்.

பேக்ஸ்டாப்பைக் கழற்றும் நாளில் ஒரு சடங்கு போலச் செய்வீர்கள். பக்கெட்டில் இருக்கும் நெல்லை முழுக்க ஓட்டி வெளியேற்றி, மெயினை இறக்கி, ஃப்யூஸைப் பிடுங்கி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெல்ட்டை சங்கிலியால் கட்டிவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பீர்கள். பாரம் நிற்கும்போது பேக்ஸ்டாப்பைக் கழற்றுவது மலைமேல் நிற்கும் வண்டிக்கு அடியிலிருந்து கல்லை உருவுவதற்குச் சமம் என்று பையன்களிடம் சொன்னீர்கள். அவசரம் என்று நான் எத்தனையோ முறை கேட்டும் இந்த வரிசையில் ஒன்றைக்கூட நீங்கள் விட்டுக்கொடுத்ததில்லை. அண்ணே, உங்களுக்கு நான் முதலில் நன்றி சொல்வது இதற்குத்தான். எங்கள் ஆலையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பத்து விரலோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

சம்பளம் என்று நான் கொடுத்ததைவிட நீங்கள் கொடுத்துவிட்டுப் போனது அதிகம். கேட்காமலே எங்கள் பையன்களில் ஒருவனை உடன் வைத்துக்கொண்டு, ஸ்பானர் பிடிப்பதிலிருந்து மைக்ரோமீட்டர் படிப்பது வரை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். இன்று அவன் பக்கத்து ஆலைகளுக்கும் போய் இதே கோட்டை இழுக்கிறான். அதையும் உங்களுக்குத் தெரிவிக்க ஆசைப்பட்டேன்.

நம் மாவட்டத்து ஆலைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுவடை வரத்து தொடங்குவதற்கு முன் ஒரு நாளை ஒதுக்குங்கள். எலிவேட்டர் உச்சிக்கு ஆளை ஏற்றி பேக்ஸ்டாப் இருக்கிறதா, பிடிக்கிறதா, எந்தக் கிரீஸ் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஃபிட்டர் மிஷினை நிறுத்தச் சொன்னால் லாரி காத்திருந்தாலும் நிறுத்துங்கள்.


உங்கள் தம்பி,
ரிஷிவந்தியம்.