தகரத்துக்குப் பின்னால் ஒரு மனிதன்

லாரி என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது அது கிளப்பும் புழுதியும், அதன் முதுகில் எழுதியிருக்கும் வாசகமுந்தான். அதற்கு ஒரு முகம் உண்டு என்பதும், அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு மனிதன் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறான் என்பதும் ஏனோ தோன்றுவதில்லை. என் மைத்துனரின் லாரி தன் முகத்தை உடைத்துக்கொண்ட சமயம், இந்தச் சங்கதியைச் சற்று அருகிலிருந்து பார்க்க எனக்கு வாய்த்தது.

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். தோட்டங்களிலிருந்து குதிரை முதுகில் சாலைக்கு வந்து சேரும் மலைவாழைத் தார்கள், அங்கே லாரியேறி அடிவாரம் இறங்கும். ஒரு மழைநாளில் அப்படி இறங்கும்போது, எதிரே வந்த வண்டிக்கு வழிவிட ஒதுங்கி, லாரி பாறையோடு உரசிவிட்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால் இடப்பக்கத்துக் கதவு, மட்கார்டு, முன்புறத் தகடு மூன்றும் போயின.

லாரிக்கு உடம்பு கட்டுவது நம் நாட்டில் ஒரு தனிக் கலை. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று பிறந்து, 1955-ல் அசோக் லேலண்டு ஆன கம்பெனியாகட்டும், 1954-ல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கிய டாடாவாகட்டும், வெகுகாலம் நமக்கு விற்றது பெரும்பாலும் எலும்புக்கூட்டைத்தான். சதையும் தோலும் கொடுத்தவர்கள் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைக்காரர்கள். வெறும் சேஸிஸில் ஓர் ஆசனத்தைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் காற்றிலும் நெடுந்தூரம் ஓட்டி வருகிற டிரைவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தகட்டின் அருமையை அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பட்டறையில் எங்கள் முன் பல வழிகள் இருந்தன. கம்பெனிச் சாமான் வாங்கலாம். அளவு சரியாக இருக்கும், விலைதான் கடிக்கும். உடைத்து விற்கும் பழைய லாரியிலிருந்து கழற்றி வரலாம்; மலிவு, ஆனால் உள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறதென்று தட்டிப் பார்க்க வேண்டும். ஃபைபர் போடலாம், துருப்பிடிக்காது, இலேசு. ஆனால் இரும்புத் தகடு நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம். ஃபைபர் அடிபட்டால் விரிசல் விடும். பட்டறையிலேயே தகடு வெட்டி அடிப்பதும் உண்டு. அதில் ‘கேஜ்’ என்று ஒரு விந்தைக் கணக்கு: எண் ஏற ஏறத் தகடு மெலியும். 20 கேஜ் என்றால் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2.

மைத்துனர் 20 போதும் என்றார். அதுவரை ஓரமாக நின்றிருந்த டிரைவர் மெல்ல வாய் திறந்தார்.

“முன்னாடிக்கு எது வேணாலும் போடுங்க மொதலாளி. அந்தக் கதவு மட்டும் 18-லயே அடிச்சிரலாம். கிளீனர் தம்பி உட்கார்ற பக்கம்.”

“கனமான தகடு போட்டா பாறை பயந்துருமாக்கும்?”

“பாறை பயப்படாது மொதலாளி. உள்ள உட்கார்ந்திருக்கிறவன் பயப்படாம இருப்பான்.”

டிங்கர் சிரித்தார். “தகடு மட்டும் காப்பாத்தாதுங்க. கதவு தொங்குற தூணே வளைஞ்சிருக்கு. அதை நிமிர்த்தாம எந்தத் தகட்டைப் போட்டாலும் வீண்” என்றார். மைத்துனர் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ரெண்டையும் செஞ்சிருங்க” என்றார்.

வேலை நிதானமாக நடந்தது. வெல்டிங் தொடங்குமுன் பாட்டரி வயரைக் கழற்றினார்கள். தூணையும் உள்சட்டத்தையும் நேராக்கினார்கள். வர்ணம் பூசாமலே கதவை மாட்டிப் பார்த்தார்கள். போல்ட்டுகளை முழுக்க முடுக்காமல், சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக வரும்வரை நகர்த்தி நகர்த்தித் திறந்து மூடினார்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுக்குச் சொந்தமான ஊரில் ஒரு கதவு ஒழுங்காகப் பூட்டாமல் போகலாமா? அதன் பிறகே முடுக்கினார்கள். துளை போட்ட இடங்களுக்கும் வெட்டிய விளிம்புகளுக்கும் மறக்காமல் பிரைமர் பூசினார்கள். துரு புகுவது அங்கேதானாம். கதவின் அடியில் மழைநீர் வடியும் துவாரங்களை அடைக்காமல் விட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் வர்ணம்.

புதிதாகத் தயாராகும் லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்ற விதி 2025-ல் நடைமுறைக்கு வந்தது. உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான் என்று சட்டத்துக்கு ஞாபகம் வர இத்தனை காலம் பிடித்திருக்கிறது. ஆனால் பழைய லாரிகள் இன்னும் எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு எந்தத் தகடு என்பதைத் தீர்மானிப்பது சட்டமல்ல, சொந்தக்காரரின் மனசு.

வாழைத்தார் நசுங்கக் கூடாதென்று அடியில் சருகு விரித்து ஏற்றுகிறோம். அதைக் கொண்டுவருகிறவனுக்காக 0.3 மில்லிமீட்டர் கூட்டிப் போட நமக்கு மனம் வர வேண்டாமா?